எந்த மாவு எந்த வேலைக்கு? சோளம், மரவள்ளி, உருளை, அரிசி, சாகோ: ஓர் ஒப்பீடு

கோலாலம்பூர் பிரிக்பீல்ட்ஸிலோ பினாங்கு லெபோ பாசாரிலோ மளிகைக் கடைக்குள் போனால், ஒரே அடுக்கில் ஐந்தாறு வெள்ளை மாவுப் பாக்கெட்டுகள் நிற்கும். தெப்போங் ஜாகோங் (சோளம், அதாவது மக்காச்சோளம்), தெப்போங் உபி காயு (மரவள்ளி), தெப்போங் உபி கெந்தாங் (உருளை), தெப்போங் பெராஸ் (அரிசி), தெப்போங் புளுட் (ஒட்டும் அரிசி). கண்ணுக்கு எல்லாம் ஒன்றுதான். குழம்பு கெட்டிப்பட வேண்டும் என்றால் இவற்றில் எதைக் கரைத்து ஊற்றினாலும் கெட்டிப்படும். சிக்கல் அதற்குப் பிறகுதான் தொடங்குகிறது. பகல் பன்னிரண்டு மணிக்குப் பதமாக இருந்த மஞ்சூரியன் குழம்பு மூன்று மணிக்கு நீர்த்துப்போகும். இரவு ஃபிரிட்ஜில் வைத்த கஸ்டர்ட் காலையில் ஓரமெல்லாம் தண்ணீர் கக்கி நிற்கும். காலையில் பிடித்த கொழுக்கட்டை மாலைப் பூஜைக்குள் விரிசல் விடும். மாவு மட்டமானது என்று கடைக்காரரிடம் சண்டை போடுவதில் பயனில்லை. அந்த வேலைக்கு அந்த மாவு பொருந்தாது, அவ்வளவுதான்.

ஆகவே மாவு வாங்கும்போது கேட்க வேண்டிய முதல் கேள்வி, அடுப்பை அணைத்த பிறகு இந்தப் பண்டம் சாப்பிடுபவர் வாய்க்குப் போகும்வரை எங்கே, எவ்வளவு நேரம் இருக்கப்போகிறது என்பது. உடனே பரிமாறப்படுமா, விருந்துத் தட்டில் சூடாகக் காத்திருக்குமா, ஆறுமா, ஃபிரிட்ஜுக்குப் போகுமா, ஃபிரீசருக்குப் போகுமா? இதற்குப் பதில் தெரிந்தால் மாவு தானாக முடிவாகிவிடும்.

மணிக்குள்ளே இருப்பது

எந்தச் செடியிலிருந்து வந்தாலும் மாவுச்சத்து நுண்ணிய மணிகளாகத்தான் இருக்கும். ஒவ்வொரு மணிக்குள்ளும் குளுக்கோஸால் ஆன இரண்டு வகைச் சங்கிலிகள் உண்டு. நீளமாக நேரே ஓடுவது அமைலோஸ். கிளை கிளையாகப் பிரிவது அமைலோபெக்டின். குளிர்ந்த நீரில் மணி கரையாது, அடியில் தங்கிவிடும். சூடு ஒரு கட்டத்தைத் தாண்டியதும் நீரை உறிஞ்சி ஊதும், அமைலோஸ் வெளியே கசியும், கலவை கெட்டிப்படும். ஆறும்போது, வெளியே வந்த அமைலோஸ் சங்கிலிகள் ஒன்றையொன்று பிடித்து வலையாகின்றன. கஸ்டர்டைக் கத்தியால் வெட்டுமளவுக்கு இறுக வைப்பது அந்த வலைதான். அதே வலை மேலும் மேலும் இறுகும்போது உள்ளே பிடித்திருந்த நீரைப் பிழிந்து தள்ளுகிறது. அமைலோபெக்டினும் ஆறினால் இறுகும். ஆனால் அதற்கு நாள்கணக்காகும்.

சாதாரணச் சோளத்தில் அமைலோஸ் ஏறக்குறைய 28%, கோதுமையிலும் அவ்வளவே. உருளைக்கிழங்கில் 21%, மரவள்ளியில் 17% வாக்கில். புளுட் அரிசியில் 2 சதவீதத்தைத் தாண்டாது. மணியின் பருமனும் வேறு வேறு. அரிசி மணி 3 முதல் 8 மைக்ரான். சோளம் சராசரியாக 15. மரவள்ளியும் ஏறக்குறைய அதே அளவு. உருளை மணி 100 மைக்ரான் வரை போகும். உருளை மாவை வெயிலில் பிடித்துப் பார்த்தால் லேசாக மினுங்குவது இந்தப் பெரிய மணிகளால்தான்.

இதோடு கூட ஒட்டிவரும் சில்லறைப் பொருள்களே பாதிக் குணத்தைத் தீர்மானிக்கின்றன. சோள மாவுச்சத்தில் கொழுப்பு 0.7%, புரதம் 0.35% அளவில் இருக்கிறது. அந்தக் கொழுப்பு அமைலோஸோடு பிணைந்து மணி ஊதுவதைத் தடுக்கிறது, கூழை வெள்ளையாக மங்கலாக்குகிறது, லேசான தானிய வாசனையும் தருகிறது. மரவள்ளியில் கொழுப்பு 0.1% தான், அதனால்தான் வாசனையே இல்லை, கூழும் தெளிவு. உருளையில் கொழுப்பு அதைவிடக் குறைவு, ஆனால் அமைலோபெக்டினில் பாஸ்பேட் ஒட்டியிருக்கிறது. ஒரே வகை மின்னூட்டம் கொண்ட பாஸ்பேட்டுகள் ஒன்றையொன்று விலக்குவதால் மணி கட்டுக்கடங்காமல் ஊதும். ஆய்வுக்கூட அளவீட்டில் 95 டிகிரியில் சோள மணி தன் எடைக்கு 24 மடங்கு ஊதினால், மரவள்ளி 70 மடங்கு ஊதுகிறது. உருளை 1000 மடங்கைத் தாண்டுகிறது. உருளை மாவு ஒரு கரண்டி குறைவாகவே போதும் என்று சமையல்காரர்கள் சொல்வதன் காரணம் இதுதான்.

சோளம், மரவள்ளி, உருளை: முக்கால்வாசி முடிவு இந்த மூன்றுக்குள்

மற்ற மாவுகள் குறிப்பிட்ட சில பண்டங்களுக்கானவை. தினசரிக் குழப்பம் இந்த மூன்றில்தான் என்பதால் இங்கே கொஞ்சம் நிதானமாகப் பார்க்கலாம்.

ஒரு லிட்டர் குழம்புக்கு அளவு: ஊற்றும் பதத்துக்குச் சோள மாவு 40 கிராம், கரண்டியில் ஒட்டி நிற்க வேண்டுமானால் 50 முதல் 60, வெட்டித் தட்டில் வைக்கும் கஸ்டர்டுக்கு 80 முதல் 100. உருளை மாவு என்றால் ஊற்றும் பதத்துக்கு 25 முதல் 30 கிராம் போதும். மரவள்ளி கொஞ்சம் ஏமாற்றும். அடுப்பில் இருக்கும்போது அதே எடைச் சோள மாவைவிடக் கெட்டியாகத் தெரியும். ஆறியபின் சோளத்தைவிடத் தளர்ந்து நிற்கும். அடுப்பில் பார்த்து அளவைக் குறைத்துவிட்டால் மேசைக்கு வரும்போது குறைபடும். 40 முதல் 45 கிராமில் நிற்பது நல்லது. கரண்டிக் கணக்கு வேண்டுவோருக்கு, தட்டிச் சமன் செய்த ஒரு மேசைக்கரண்டி சோள மாவு சுமார் 8 கிராம்.

மூன்றையும் கரைப்பது ஒரே மாதிரி: ஒரு பங்கு மாவுக்கு இரு பங்கு பச்சைத் தண்ணீர். வெந்நீரில் கொட்டினால் வெளி மணிகள் உடனே ஊதி ஒட்டிக்கொள்ளும், உள்ளே காய்ந்த மாவு சிறைப்படும்; அந்தக் கட்டியை எவ்வளவு கிண்டினாலும் கரைக்க முடியாது. கரைத்து வைத்த மாவு இரண்டு நிமிடத்தில் அடியில் படிந்துவிடும், ஊற்றுமுன் மறுபடி கலக்க வேண்டும். கலக்காமல் ஊற்றினால் முதலில் தண்ணீர் மட்டும் போகும், கடைசியில் மாவு கட்டியாக விழும்.

வேகவைப்பதில்தான் வழி பிரிகிறது. சோள மணி 62 முதல் 72 டிகிரிக்குள் ஊதத் தொடங்கும், ஆனால் கொதி வந்து ஓரிரு நிமிடம் குமிழிட்டால்தான் பச்சை வாசனை போகும், முழுக் கெட்டியும் வரும். உருளை 60 டிகிரியைத் தொடும்போதே சட்டென்று கெட்டிப்படும். கண்ணாடிபோல் தெளிந்ததும் அடுப்பை அணைத்துவிட வேண்டும். பெரிதாக ஊதிய மணி மெலிந்த தோல் கொண்டது; தொடர்ந்து கொதிக்கவிட்டுக் கிண்டினால் உடைந்து, கெட்டிப்பட்ட வேகத்திலேயே இளகும். மரவள்ளி இரண்டுக்கும் நடுவில்: ஒரு கொதி, தெளிவு, நிறுத்தம்.

இப்போது பண்டத்துக்கு வருவோம். வாணலியிலிருந்து நேரே தட்டுக்குப் போகும் மஞ்சூரியன், சீன முறை இறால் வறுவல் போன்றவற்றுக்கு உருளையும் மரவள்ளியும் அழகு. காய்மேல் பளபளவென்று பூசும், மசாலா நிறம் மங்காது. சோள மாவு போட்டால் அதே சிவப்பு மிளகாய்க் குழம்பு மேல் பால் கலந்ததுபோல வெளிறும்.

ஆனால் அதே மஞ்சூரியன் கல்யாண மண்டபத்தில் சூட்டுத்தட்டில் மூன்று மணி நேரம் இருக்க வேண்டுமானால் உருளையைத் தொடாதீர்கள். தட்டுச் சூடும், ஒவ்வொரு விருந்தாளியும் கரண்டியால் கிளறுவதும் மணிகளை உடைத்துக்கொண்டே இருக்கும். போதாததற்கு உப்பும் சோயா சாஸும். உப்பில் உள்ள அயனிகள் பாஸ்பேட்டின் விலக்கு விசையை மழுங்கடிப்பதால், வெறும் தண்ணீரில் காட்டும் பலத்தை உப்புக் குழம்பில் உருளை மாவு காட்டாது. விருந்துத் தட்டுக்குச் சோள மாவே சரி: குறைவாக ஊதிய மணி, தடித்த மணி, சூட்டையும் கிண்டலையும் தாங்கும். வெளிறிய நிறம் பிடிக்கவில்லை என்றால் லிட்டருக்குச் சோளம் 30, மரவள்ளி 15 கிராம் என்று கலந்து பாருங்கள். பளபளப்பு ஓரளவு வரும், தாங்கும் சக்தியும் போகாது.

பிள்ளைகளுக்கான கஸ்டர்ட், பாலில் செய்யும் புட்டிங், அச்சில் ஊற்றி இறுக வைக்கும் இனிப்பு எல்லாம் சோள மாவின் ராஜ்யம். கஸ்டர்ட் பவுடரே பெரும்பாலும் சோள மாவும் நிறமும் வெனிலா வாசனையும்தான். மரவள்ளியில் செய்தால் ஆறியபின்னும் கோந்துபோல இழுபடும். முட்டை மஞ்சள் கரு சேர்த்த கஸ்டர்டில் ஒரு பொறி இருக்கிறது. மஞ்சள் கருவில் மாவுச்சத்தை வெட்டும் நொதி உண்டு. கெட்டிப்பட்டதும் கொதிக்கும் முன்னரே இறக்கிவிட்டால் அந்த நொதி சாகாமல் இருந்து, இரவோடிரவாகக் கஸ்டர்டை நீர்க்கச் செய்துவிடும். நடுவில் குமிழி வந்து ஒரு நிமிடம் கொதித்தாக வேண்டும். நக்கிப் பார்த்த கரண்டியை மறுபடி பாத்திரத்தில் விடுவதும் இதே கேட்டைச் செய்யும்; எச்சிலில் உள்ளது அதே வகை நொதி. சமைக்காத தேனிலும் இருக்கிறது.

ஃபிரீசருக்கு மூன்றுமே முழுப் பொருத்தம் இல்லை. மோசமானது சோளம். உறைந்து இளகும்போது அமைலோஸ் வலை பஞ்சாகிவிடும், கையில் பிழிந்தால் நீர் சொட்டும். மரவள்ளி அதைவிடத் தேவலை. வீட்டில் கிடைப்பவற்றில் உறைபதத்தை நன்றாகத் தாங்குவது புளுட் மாவு. குழம்பைப் பொட்டலம் கட்டி உறைய வைத்து விற்பவர்கள் லிட்டருக்குப் புளுட் மாவு 60 கிராமில் தொடங்கிப் பதம் பார்க்கலாம். அது தனி மாவுச்சத்தல்ல, புரதமும் சேர்ந்த மாவு என்பதால் எடை கூடுதலாகத் தேவைப்படும்.

பொரிப்பதற்கு வேறு கணக்கு. கோழிமேல் மெல்லிய மொறுமொறுப்புக்கு உருளையும் சோளமும் நல்லவை. மரவள்ளி சூட்டில் கண்ணாடிபோல நொறுங்கும், ஆறினால் சவசவவென்று இழுக்கும். பொட்டலம் கட்டிக் கொடுக்கும் கடைக்கு ஆகாது. பகோடாவில் அரிசி மாவு சேர்ப்பது நம் வீடுகளில் காலங்காலமாக நடப்பது. ஆறியபின்னும் மொறுமொறுப்பை வைத்திருப்பதில் அதை மிஞ்சுவது கடினம். அப்பளம்போல ஊதிப் பொரிய வேண்டிய குரோப்போக்குக்கு எதிர்க்குணம் தேவை. அமைலோபெக்டின் மிகுந்த மாவே நன்றாக ஊதும். அதனால்தான் மீன் குரோப்போக்கை மரவள்ளியில் போடுகிறார்கள்.

ஒரு மாலையில் செய்து பார்க்கக்கூடிய சோதனை

பாக்கெட்டில் எழுதியிருப்பதை நம்பி ஐம்பது பேருக்குச் சமைப்பதைவிட, நான்கு கிண்ணத்தில் சோதித்துவிடுவது மேல். சமையல் தராசு, ஒரு சிறிய பாத்திரம், நான்கு கண்ணாடிக் கிண்ணங்கள் இருந்தால் போதும். ஒவ்வொரு மாவிலும் 12 கிராம் எடுத்து 200 மில்லி தண்ணீரில் கரைத்து, மிதமான தீயில் கிண்டிக்கொண்டே கொதிக்க வையுங்கள். அது 6% கூழ்.

சோளம் பால்போல இருந்து, அடியில் முதலில் லேசாகப் பிடித்து, பிறகு மொத்தமும் மெதுவாகக் கெட்டியாகும். வெள்ளை நிறம் குறையுமே தவிர மறையாது. கரண்டியைத் தூக்கினால் துண்டு துண்டாகத் தொப்பென்று விழும். உருளை எந்த அறிவிப்பும் இல்லாமல் ஒரே கணத்தில் கரண்டியைப் பிடித்து நிறுத்தும். கிண்ணத்தின் அடியில் எழுத்து இருந்தால் படிக்கலாம், அவ்வளவு தெளிவு. தீயைக் குறைத்து மேலும் ஐந்து நிமிடம் கிண்டுங்கள், கை அயர்வது குறைவதை உணர்வீர்கள், மணிகள் உடைகின்றன. மரவள்ளியில் கரண்டியை ஒரு சாண் உயரம் தூக்கினாலும் நூல் அறாது. இந்த இழுபடும் குணம் மஞ்சூரியனில் பளபளப்பாகவும், தக்காளி சூப்பில் அருவருப்பாகவும் தெரியும். புளுட் மாவு வழவழப்பான, மங்கலான கூழாக நிற்கும்.

கிண்ணங்களை மூடி இரவு முழுக்க ஃபிரிட்ஜில் வையுங்கள். காலையில் சாய்த்துப் பாருங்கள். சோளம் அசையாது, கத்தியால் கீறினால் கீறல் அப்படியே நிற்கும், கொஞ்ச நேரத்தில் கீறலுக்குள் நீர் ஊறும். உருளை இளகிய ஜெல்லியாக இருக்கும். மரவள்ளி சாய்த்த பக்கம் மெதுவாக நகரும். புளுட் நேற்று இருந்தபடியே இருக்கும். அதே நான்கையும் ஒரு தடவை ஃபிரீசரில் உறைய வைத்து இளக்கிப் பார்த்தால், மேலே உறைபதம் பற்றிச் சொன்னது கண்கூடாகத் தெரியும்.

பாக்கெட்டின் உள்ளே இருப்பது தலைப்பில் போட்டதுதானா என்ற சந்தேகத்துக்கும் இதே சோதனை விடை சொல்லும். உருளை மாவு என்று வாங்கியது நூல்போல இழுபட்டு, உருளை அளவுக்குக் கெட்டிப்படாமல் நின்றால் அது பெரும்பாலும் மரவள்ளி. வெறுமனே 'கஞ்சி' (மலாயில் மாவுச்சத்து) என்று போட்ட பாக்கெட்டை வாங்குமுன் பொருள் பட்டியலைப் பாருங்கள். எந்தக் கிழங்கு என்பது அங்கேதான் இருக்கும்.

அரிசி: ஒரே செடி, எதிரெதிர்க் குணம்

அரிசியில் இனத்துக்கு இனம் மாவுச்சத்து மாறுவதுபோல வேறெந்த உணவிலும் நாம் அன்றாடம் பார்ப்பதில்லை. புளுட்டில் அமைலோஸ் 2 சதவீதத்துக்குள். ஜாஸ்மின் போன்ற மென் அரிசிகளில் 20 சதவீதத்துக்குக் கீழே. பாஸ்மதியில் 20 முதல் 25. அதற்கும் மேலே போகும் இனங்களும் உண்டு. அவை உதிரி உதிரியாக வேகும், ஆறினால் விறைக்கும். கோய்தியாவ், லக்சா நூடுல் எல்லாம் அமைலோஸ் கூடிய அரிசியைக் கேட்கின்றன. ஒட்டும் அரிசியில் போட்டால் வாணலியில் கூழாகிவிடும். சோளத்திலும் இதே கதை உண்டு: அமைலோஸ் அறவே அற்ற மெழுகுச்சோளம் ஒரு முனை, 50 முதல் 70% அமைலோஸ் கொண்ட இனங்கள் மறுமுனை. பின்னது சாதாரணக் கொதியில் முழுதாக ஊதக்கூட மாட்டாது.

மெழுகுச்சோளத்துக்கும் நம் வட்டாரத்துக்கும் ஒரு தொடர்பு இருப்பது பலருக்குத் தெரியாது. இரண்டாம் உலகப் போரின்போது, ஜப்பான்காரன் காலத்தில், இங்கே மரவள்ளிக் கிழங்கே சோறாக இருந்ததைப் பாட்டிமார் சொல்லிக் கேட்டிருப்போம். அதே போர் தென்கிழக்காசியாவிலிருந்து அமெரிக்காவுக்குப் போய்க்கொண்டிருந்த மரவள்ளி மாவைத் தடுத்துவிட்டது. அதற்கு ஈடாகத்தான் 1940களில் அமெரிக்கர்கள் மெழுகுச்சோளத்தை வணிக அளவில் பயிரிட்டார்கள். தெளிவு, இறுகாத தன்மை என்று இரண்டிலும் அது மரவள்ளியை ஒத்திருந்தது.

இடியாப்பத்துக்கு வருவோம். அரிசி மாவு ஊதும் சூடு இனத்தைப் பொறுத்து 78 டிகிரி வரை போகும். ஆகவே கை பொறுக்கும் சூட்டில் தண்ணீர் ஊற்றிப் பிசைந்தால் மாவு ஒட்டாது, உழக்கிலிருந்து வரும் இழை அறுந்து விழும். தளதளவென்று கொதிக்கும் நீரை ஊற்றிக் கரண்டிக் காம்பால் கிளறி, மூடி வைத்து, பிறகு பிசைய வேண்டும். பாதி மணிகள் வெந்து பசையாகி, மீதியைப் பிடித்துக்கொள்ளும்.

கொழுக்கட்டை விரிசலுக்குக் காரணம், அமைலோஸ் கூடிய மாவு ஆறும்போது இறுகிச் சுருங்குவது. 150 கிராம் அரிசி மாவுக்கு 15 கிராம் மரவள்ளி மாவோ புளுட் மாவோ சேர்த்து, உப்பும் ஒரு கரண்டி நல்லெண்ணெயும் விட்டுக் கொதித்த நீரில் கிளறினால், மேல்தோல் மாலைவரை மெத்தென்று இருக்கும். ஐந்தில் ஒரு பங்கைத் தாண்டிச் சேர்த்தால் தோல் ரப்பராகி, ஆவியில் வடிவம் இழந்து தட்டோடு ஒட்டும். இரண்டில் எது என்றால், மினுமினுப்பு வேண்டுமானால் மரவள்ளி, மறுநாளும் மென்மை வேண்டுமானால் புளுட். அடுக்கடுக்கான பலகாரமான குவே லாப்பிஸில் அரிசி மாவோடு உபி காயு மாவைச் சேர்ப்பதும் இதே காரணத்துக்காகத்தான்.

மிஞ்சிய இட்லி, கொழுக்கட்டை, அப்பத்தை ஃபிரிட்ஜில் வைப்பது அவற்றை விறைக்க வைக்க மிகச் சிறந்த வழி. உறைநிலைக்குச் சற்று மேலான குளிரில்தான் மாவுச்சத்து மிக வேகமாக இறுகுகிறது. ஒரு நாளைக்கு மேல் வைக்க வேண்டுமானால் ஃபிரீசரே மேல். இறுகிய அமைலோபெக்டின் 60 டிகிரிச் சூட்டில் மறுபடி இளகும், அதனால் ஆவியில் வைத்தால் மென்மை திரும்பும். இறுகிய அமைலோஸ் இளக 120 டிகிரிக்கு மேல் வேண்டும். இட்லிப் பானை அதைத் தராது. அமைலோஸ் கூடிய அரிசி மாவில் செய்தது எவ்வளவு ஆவி காட்டினாலும் பழையபடி வராததன் காரணம் அது.

பெராஸ் மாவும் புளுட் மாவும் டப்பாவில் மாறிப்போனால் ஒரு துளி அயோடின் போதும். மருந்துக்கடையில் காயத்துக்கு விற்கும் பழுப்பு அயோடின் கரைசலை நீர் விட்டு வெளிறச் செய்து, சிட்டிகை மாவை வேகவைத்து நன்றாக ஆறவிட்டு, அதன்மேல் சொட்டுங்கள். சாதாரண அரிசி கருநீலம், புளுட் செம்பழுப்பு. சூட்டில் நிறம் மறைந்துவிடும், ஆகவே ஆறியபின்தான் பார்க்க வேண்டும். சோதித்த கூழைக் கொட்டிவிடுங்கள்.

சாகோவும் ஜவ்வரிசியும்

சரவாக்கின் முக்கா வட்டாரத்துச் சாகோ, பனை இனத்து மரத்தின் தண்டிலிருந்து எடுப்பது. மரம் பூக்கும் தறுவாயில் தண்டுக்குள் மாவுச்சத்து நிறைந்திருக்கும். பூத்துவிட்டால் அது பூவுக்கும் காய்க்கும் போய்விடும் என்பதால் பூக்குமுன் வெட்டுகிறார்கள். மணி 20 முதல் 40 மைக்ரான். ஊதும் சூடு 70 டிகிரி வாக்கில், மரவள்ளியைவிடச் சற்று அதிகம். அமைலோஸ் சோளத்துக்குப் பக்கத்தில், ஆனால் சோளத்தின் கொழுப்பு இல்லாததால் கூழ் ஓரளவு தெளிவு. ஆறினால் நன்றாக இறுகும்.

பாயசத்துக்கு வாங்கும் முத்து வேறு விஷயம். சேலத்து ஜவ்வரிசி முழுக்க மரவள்ளிதான். இங்கே சாகோ என்று விற்கும் முத்துகளிலும் உபி காயு மாவில் செய்தவை உண்டு. இரண்டும் பாயசத்துக்கு நல்லவையே, ஆனால் கையாளும் விதம் ஒன்றல்ல. ஐந்து முத்துகளைப் பச்சைத் தண்ணீரில் பத்து நிமிடம் போட்டு வையுங்கள். முழுதாக இருந்தால் ஊறவைக்கலாம். மாவாகக் கரைந்தால் ஊறவைப்பது கூடாது. கழுவுவதுகூட ஒரு அலசலோடு நிற்க வேண்டும். அப்படிப்பட்ட முத்தை, 100 கிராமுக்கு ஒன்றே கால் லிட்டர் என்ற கணக்கில் நீரைத் தளதளவென்று கொதிக்கவிட்டு அதில் தூவுங்கள். நீர் கொதிக்குமுன் போட்டால் அடியில் ஒட்டிக் கூழாகும். சிறிய முத்து பத்துப் பன்னிரண்டு நிமிடத்தில் நடுவில் ஒரு வெள்ளைப் புள்ளி மட்டும் மிஞ்சும் நிலைக்கு வரும். அடுப்பை அணைத்து மூடிப் பத்து நிமிடம் விட்டால் அந்தப் புள்ளியும் மறையும். வடிகட்டிப் பச்சைத் தண்ணீரில் அலசி, மேலே ஒட்டியிருக்கும் கூழைப் போக்கிவிட்டுப் பாலில் சேர்த்தால் முத்து தனித்தனியாக நிற்கும். கெட்டிப் பாயசம் விரும்புவோர் அலச வேண்டாம்.

பச்சைப்பயறும் கோதுமையும்

பினாங்குச் செண்டோல் இனிப்பில் புழுப்போல நெளியும் பச்சைத் துண்டுகள் வழுக்கிக்கொண்டு, ஆனால் கடித்தால் எதிர்த்து நிற்பதற்குக் காரணம் பச்சைப்பயறு மாவுச்சத்து. கடையில் ஹூன் குவே என்று கேட்டால் கிடைக்கும். அமைலோஸ் 30 சதவீதத்தைத் தாண்டும். அரிசி மாவோடு சேர்த்துப் பாண்டான் சாற்றிலும் கொஞ்சம் சுண்ணாம்புத் தெளிநீரிலும் கிண்டி, சூடாகவே துளைத்தட்டில் தேய்த்து ஐஸ் தண்ணீருக்குள் விழவிட்டால் விழுந்த வடிவிலேயே இறுகிவிடும். சுண்ணாம்பு நீர் இறுக்கத்தையும் பச்சை நிறத்தையும் காக்கும். சோள மாவில் செய்தால் முறியும், மரவள்ளியில் செய்தால் ஒன்றோடொன்று ஒட்டும். இதற்கு மாற்று தேடுவதில் அர்த்தமில்லை. கண்ணாடி நூடுல் சூஹூனும் இதன் பிள்ளைதான்.

கோதுமை மாவுச்சத்து சீனர்களின் ஒளிபுகும் இறால் கொழுக்கட்டைக்கு, மரவள்ளியோடு கலந்து, கொதிநீர் ஊற்றிப் பிசைவதற்கு. பசையப்புரதம் (குளூட்டன்) ஆகாதவர்களுக்கு இது பாதுகாப்பானதல்ல. கழுவி எடுத்தாலும் சுவடு மிஞ்சும்.

புளிப்பு வந்தால்

புளி, அன்னாசி, எலுமிச்சை, வினிகர் எல்லாம் மாவுச்சத்துச் சங்கிலியைச் சூட்டில் வெட்டுகின்றன. புளிப்போடு சேர்த்துக் கால் மணி நேரம் கொதித்த குழம்பு, முதலில் கெட்டிப்பட்டுப் பிறகு நீர்க்கும். உருளையும் மரவள்ளியும் சீக்கிரம் விழும். சோளம் கொஞ்சம் தாக்குப்பிடிக்கும். மாவைக் கெட்டிப்படுத்தி முடித்து, அடுப்பை அணைக்கும்போது எலுமிச்சையை விடுவது எளிய வழி. புளிக் குழம்புக்கு அது இயலாது என்றால் சோள மாவை ஐந்தில் ஒரு பங்கு கூட்டி, கடைசி ஐந்து நிமிடத்தில் சேர்க்கலாம். சர்க்கரையும் மணி ஊதுவதைத் தாமதப்படுத்தும், நீருக்குப் போட்டி போடுவதால். சோள மாவு அல்வாவில் மாவு நன்றாக வெந்து பளபளக்கும் முன் பாகு முழுவதையும் கொட்டிவிட்டால், எவ்வளவு நெய் விட்டாலும் பச்சை வாசனை தங்கிவிடும்.

சாஸ் போட்டுப் புட்டியில் அடைத்து விற்பவர்களுக்கு இயற்கை மாவு எதுவும் போதாது. சில்லி சாஸ் புட்டியின் பின்பக்கத்தில் 1422, 1442 என்ற எண்களைப் பார்க்கலாம். சங்கிலிகளுக்கிடையே குறுக்குப் பிணைப்புப் போட்டு, இறுகாதபடி பக்கக் குழுக்களும் சேர்த்த மாவுச்சத்துகள் அவை. புளிப்பையும் சூட்டையும், சேமிப்புக் குளிரையும் தாங்கும். பேக்கரிப் பொருள் கடைகளில் விசாரிக்கலாம்.

வீட்டுக்கும் சிறு கடைக்கும்

வீட்டுச் சமையலுக்குச் சோளம் ஒன்றும் மரவள்ளி ஒன்றும் போதும். இரண்டும் விலை மலிவு. மாதம் ஒருமுறை கொழுக்கட்டையோ குவேயோ செய்பவர்கள் புளுட் மாவு ஒரு பாக்கெட் சேர்த்துக்கொள்ளலாம். உருளை மாவு விலை கூடுதல், வாணலியிலிருந்து நேரே பரிமாறும் கடைக்காரருக்குத்தான் அந்த விலை தேறும். டிபன் கேரியரில் மதிய உணவு அனுப்புகிறவர்கள் சோளமும் மரவள்ளியும் இரண்டுக்கு ஒன்று கலந்ததையே ஒரு டப்பாவில் தயாராக வைத்திருக்கலாம்.

நம் ஊர்ப் புழுக்கத்தில் மாவுச்சத்து காற்றிலிருந்தே ஈரம் இழுக்கும். சோள மாவில் இயல்பான ஈரம் 12 முதல் 13%, உருளையில் 18% வரை. பிரித்த பாக்கெட்டை ரப்பர் வளையம் போட்டு அடுப்புக்கு மேலான அலமாரியில் வைத்தால், சமையல் ஆவி பட்டுக் கட்டிபிடித்துப் பழைய வாசனை ஏறும். இறுக மூடும் டப்பாவுக்கு மாற்றி, பெயரும் பிரித்த தேதியும் எழுதி, அடுப்பிலிருந்து தள்ளி வையுங்கள். கட்டிபிடித்தது வெறும் ஈரத்தால் என்றால் சலித்துப் பயன்படுத்தலாம், ஆனால் அளவு சற்றுக் கூடுதலாகத் தேவைப்படும். புளித்த வாசனையோ சாம்பல் புள்ளியோ தெரிந்தால் கொட்டிவிடுங்கள்.